நகரத்திற்குத் திக்விரதம் உண்டா?

இல்லறத்தார்க்கு உரியனவாக ஆன்றோர் வகுத்த விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு. இவற்றுள் கொல்லாமை முதலிய ஐந்தையும் நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். சிட்சாவிரதங்கள் பர்வ நாள்களிலாவது நினைவுக்கு வருகின்றன. குணவிரதங்களுள் முதலாவதாகிய திக்விரதத்தைப் பற்றித்தான் நம்மிடையே பேச்சே இல்லை. பத்துத் திக்குகளிலும் இன்ன மலை, இன்ன ஆறு, இன்ன கடல், இத்தனை யோசனைத் தொலைவு என ஓர் எல்லையைக் குறித்துக்கொண்டு, உயிருள்ளளவும் அதற்கப்பால் செல்லேன் என உறுதி பூணுதல் திக்விரதமாகும். ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விளக்கியுள்ளார். அந்நூலின் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் காணலாம். எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்கு இவனால் சிறுதீங்கும் இன்மையின், அப்பகுதியைப் பொறுத்தவரை இவனுடைய அணுவிரதம் துறவியின் மகாவிரதத்துக்கு நிகராகிறது என்பது ஆசாரியர் காட்டும் நயம்.

பிள்ளைகள் கடல் கடந்து பணியாற்றும் இந்நாளில் இது வழக்கொழிந்த விரதம் என நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் மாறியது முடிச்சூரில், 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் வாரத்தில், மொட்டைமாடியில் அமர்ந்திருந்தபோது. அதனைச் சொல்லுமுன் நகரங்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும்.

1900ஆம் ஆண்டில் உலகின் மிகப் பெரிய நகரம் இலண்டன். அதன் மக்கள் சுமார் 65 இலட்சம். அடுத்து நியூயார்க்கு, பாரிசு, பெர்லின். உலகப் பெருநகரங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமே இருந்த காலம் அது. அன்று மெக்சிகோ நகரத்தில் வாழ்ந்தோர் சுமார் மூன்றரை இலட்சம் பேரே. 1950இல் ஒரு கோடியைத் தாண்டியவை நியூயார்க்கு, டோக்கியோ ஆகிய இரண்டே. நூற்றாண்டு முடிந்தபோது அத்தகைய நகரங்கள் பதினைந்துக்கும் மேல். டோக்கியோவும் அதனைச் சார்ந்த பகுதிகளும் மூன்று கோடியைக் கடந்தன. மெக்சிகோ நகரம் ஒன்றே முக்கால் கோடியைத் தாண்டியது. 2025இல் ஐக்கிய நாடுகள் அவை புதிய அளவுகோலால் கணக்கிட்டு வெளியிட்ட பட்டியலில் சகார்த்தா முதலிடத்தையும், டாக்கா இரண்டாமிடத்தையும், டோக்கியோ மூன்றாமிடத்தையும் பெற்றன. சகார்த்தாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடியே 20 இலட்சம் என்பது அக்கணக்கு.

இவ்வெண்களைக் கண்டு வியப்பதோடு நிற்பது பயனற்றது. மெக்சிகோ நகரம் எதன்மீது நிற்கிறது என்று கேட்கவேண்டும். டெசுகோகோ என்னும் பேரேரியை வடித்துவிட்டு, அதன் படுகையின்மீது அது பரவியது. இன்று நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச அந்நகரம் ஆண்டுதோறும் கீழே அமிழ்ந்துகொண்டிருக்கிறது. சகார்த்தாவும் அவ்வாறே அமிழ்கிறது. நீர் இருந்த இடத்தில் வீட்டைக் கட்டி, வீட்டின் கீழிருந்த நீரையும் எடுத்துக் குடித்தால் வேறென்ன நேரும்?

நம் சென்னைக்கு வருவோம். 1901ஆம் ஆண்டுக் கணக்கில் அந்நகர மக்கள் சுமார் 5 இலட்சத்து 9 ஆயிரம். 1941இல் 7 இலட்சத்து 77 ஆயிரம். அடுத்த பத்தாண்டில், எல்லை விரிவும் போர்க்காலக் குடியேற்றமும் சேர, 14 இலட்சத்தைக் கடந்தது. 1991இல் 38 இலட்சம். 2011இல் புறநகர்களையும் சேர்த்த தொகுப்பு 86 இலட்சத்துக்கு மேல். இவ்வளர்ச்சியும் ஏரிகளின்மீதே நடந்தது. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த நெடிய ஏரியை 1923 முதல் வடித்தே இன்றைய தியாகராய நகரை அமைத்தனர். எஞ்சிய நுங்கம்பாக்கத்து ஏரிப்பகுதியில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. திருக்குறளாசிரியரை நம்மவர் எனப் பெருமையோடு உரிமை பாராட்டும் நாம், அவர் பெயரால் அமைந்த கோட்டம் ஓர் ஏரியின் இடத்தில் நிற்கிறது என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? நான் எண்ணியதில்லை. மூன்று முறை சென்று தேரைக் கண்டு மகிழ்ந்து திரும்பியிருக்கிறேன்.

தெற்கே நகரம் நீண்டதற்கு இருப்புப்பாதை முதற்காரணம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்தவக் கல்லூரி நகருக்குள்ளிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அக்காலத்தில் தாம்பரம் நல்ல காற்றுக்குப் பேர்பெற்ற ஊர். காசநோயாளர்க்கான சானடோரியம் 1928இல் அங்கு அமைந்ததும் அதனாலேயே. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், மண்ணிவாக்கம், வரதராசபுரம், ஆதனூர், மணிமங்கலம் என ஊர்தோறும் ஏரியும், ஏரியின்கீழ் நெல்வயலுமாக இருந்தன. செங்கற்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று அழைத்தது வெறும் புகழுரை அன்று. ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்து. அதன் மிகுநீர் அதற்கடுத்த தாங்கலுக்கு. இறுதியில் எல்லாம் அடையாற்றுக்கு. ஆதனூர் ஏரியில் தோன்றிச் சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் அவ்வாறு, முடிச்சூரை அடையும்போது இன்னும் சிறுபிள்ளைதான்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பணி நிமித்தம் சென்னைக்கு வந்த நான், 1993இல் முடிச்சூரில் ஒரு கிரவுண்டு மனை வாங்கினேன். நம் சமூகத்தார் பலரும் அப்படி வந்தவர்களே. திண்டிவனம், செஞ்சி, ஆரணி, போளூர், செய்யாறு வட்டங்களில் நிலத்தை உழுது, ஊர் நடுவே ஜினாலயத்தை வைத்து வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் படித்தனர். படித்தவர்க்கு ஊரில் வேலை இல்லை. மாநகருக்குள் மனை வாங்க வசதி இல்லை. இரயில் போகும் தூரம் வரை போனோம். பிறகு பேருந்து போகும் தூரம் வரை. மனையைக் காட்டிய தரகர், "மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் ஐயா, நாலடி மண் கொட்டிவிட்டால் கவலை இல்லை" என்றார். அங்கே கோரை வளர்ந்திருந்தது. கோரை எங்கு வளரும் என்பது உழவன் மகனாகிய எனக்குத் தெரியாததன்று.

நாற்பது லாரி சவுட்டு மண் கொட்டினேன். அந்த மண் எங்கிருந்து வந்தது எனக் கேட்டபோது, லாரிக்காரர் வேறோர் ஏரியின் பெயரைச் சொன்னார். கேட்டேன், கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். அந்த மண்ணைப் பரப்பி, வீட்டையும் கட்டித் தந்த கொத்தனார் சில ஆண்டுகளில் என் மனைக்குப் பின்னால் அரைக் கிரவுண்டு வாங்கி, கல்நார் ஓடு வேய்ந்த வீடொன்றைக் கட்டிக் குடிவந்தார். மண் கொட்ட அவரிடம் பணம் இல்லை. அது முதல் மழைக்காலந்தோறும் என் மனையில் நிற்கவேண்டிய நீர் அவர் மனையில் நின்றது. 2005ஆம் ஆண்டுப் பெருமழையில் என் வாசற்படி நனையவில்லை. அவர் வீட்டில் முழங்கால் அளவு நீர். என் மனைவி அவர்களுக்கு உணவு சமைத்து அனுப்பினாள். தானம் செய்த மனநிறைவோடு அன்று உறங்கினேன் என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் முடிச்சூர் மூழ்கியது எனப் பலர் இன்றும் கூறுவர். சென்னை நகருக்குள் நேர்ந்த அழிவில் அதற்குப் பங்கு உண்டு. தணிக்கைத் துறையின் அறிக்கையும் அதனைக் குறை கூறியது. ஆயினும் செம்பரம்பாக்கத்தின் மிகுநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைக்கு அருகே. அது முடிச்சூருக்குக் கீழே உள்ளது. எங்களை மூழ்கடித்தவை மேலேயிருந்த எங்கள் ஏரிகளே. அவற்றுக்குப் போகும் வழி இல்லை. கலங்கலுக்குக் கீழே தெருக்கள்; கால்வாயின்மீது கடைகள்; ஆற்றின் ஓரத்தில் எங்களைப் போன்றோரின் வீடுகள்.

நான்கடி உயர்த்திய என் வீட்டிலும் நீர் சன்னல் வரை ஏறியது. கொத்தனார் வீட்டில் ஓடு மட்டுமே தெரிந்தது. அவர் மனைவி மக்களோடு எங்கள் மொட்டைமாடிக்கு வந்துவிட்டார். அவருடைய தையல் இயந்திரம் போயிற்று. குடும்ப அட்டையும் பத்திரமும் போயின. கட்டியிருந்த இரண்டு ஆடுகளை அவிழ்க்க முடியவில்லை. அன்று எண்பத்திரண்டு வயதான என் தாயார் எங்களோடு இருந்தார். பொழுது சாய்ந்தபின் அவர் வாயில் நீரும் படாது. வடிகட்டாத நீரை வாழ்நாளில் பருகியதில்லை. படகில் வந்த மீனவத் தோழர்கள் உணவுப் பொட்டலம் தந்தபோது இருட்டிவிட்டது. அவர் உண்ணவில்லை. மாடிப்படியில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. கொத்தனாரின் மகன் கோலை எடுக்க, "விடப்பா, அதுவும் நம்மைப்போல் ஏறி வந்திருக்கிறது" என்று தடுத்தார். சிறிது நேரம் கழித்து என்னிடம் கேட்டார்: "நீ இதை வாங்கும்போது இங்கே என்னப்பா இருந்தது?"

கோரை இருந்தது என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவரும் உழவர் வீட்டுப் பெண்தான்.

இனி, வினாவுக்கு வருவோம். அந்த இரண்டு ஆடுகளும் ஐந்தறிவு உயிர்கள். அவற்றைக் கொன்றவர் யார்? நான் அல்லேன் என்று சொல்லும் வழிகள் பல உண்டு. கொலையை நான்காகப் பகுப்பர். மனத்தால் குறித்துச் செய்வது சங்கல்பீ; இல்வாழ்க்கையின் சமையல், வீடு கட்டுதல் முதலியவற்றில் நேர்வது ஆரம்பீ; தொழிலில் நேர்வது உத்தியோகீ; தற்காப்பில் நேர்வது விரோதீ. இல்லறத்தான் அறவே விடவேண்டியது முதலாவதையே. ஏனைய மூன்றிலும் கவனமாக இருந்தால் போதும். வீடு கட்டியது ஆரம்பீ. அவ்வளவு மழை பெய்தால் நான் மண் கொட்டாவிட்டாலும் ஆடுகள் மூழ்கியேயிருக்கும். இது உண்மை, பொறியாளர் ஒருவரும் எனக்கு இதனையே கூறினார்.

கல்லூரியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இன்னும் மேலே சென்றார். "நீங்கள் ஊரில் இருந்திருந்தால் ஏர் ஓட்டியிருப்பீர்கள். கொழுமுனையில் ஆண்டுதோறும் எத்தனை மண்புழு, எத்தனை நண்டு, எத்தனை எலிக்குஞ்சு! பூச்சிமருந்து தனி. நகரத்தில் நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதினீர்கள். கணக்கில் யார் செத்தார்? பத்து இலட்சம் பேர் நெருங்கி வாழ்ந்தால் பத்து இலட்சம் பேர் பரந்து வாழ்வதைவிட நிலம் குறைவாகத்தானே அழியும்? நகரத்தை ஏன் பழிக்கிறீர்கள்?" என்றார். எளிதில் தள்ளத்தக்க வாதம் அன்று. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் கோவலனிடம், வயல்வழியே சென்றால் நத்தையும் நண்டும் காலில் மிதிபட்டு நோகும் என்று அஞ்சி வழியின் அருமையைக் கூறுகிறார். அவ்வளவு உயிர் நிறைந்தது வயல். அதை உழுவதும் தீங்கே. மேலும், நகரம் நம் பெண்மக்களுக்குக் கல்வி தந்தது. சாதிப்பெயர் கேளாத வேலை பலர்க்குத் தந்தது. கொத்தனாரின் மகள் இன்று செவிலியர். சிற்றூரே தூயது என்று பாடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆயினும் நண்பரின் கணக்கில் ஓர் இடைவெளி உண்டு. வயலில் இறந்த நண்டு அடுத்த மழையில் மீண்டும் தோன்றும். நீர் இருக்கும் வரை வயல் உயிர்களின் இருப்பிடமாகவே இருக்கும். ஏரியைத் தூர்த்தால் இறப்பது அன்றைய உயிர்கள் மட்டும் அல்ல. பிறக்கவேண்டியனவற்றின் இடமே இறக்கிறது. இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சுவேதாம்பர ஆகமமாகிய உபாசகதசாங்கத்தில் இல்லறத்தான் மேற்கொள்ளலாகாத தொழில்கள் பதினைந்து எண்ணப்படுகின்றன. காட்டை அழித்தல், தீயிடுதல் முதலியவற்றோடு, ஏரி குளங்களை வற்றச் செய்தலும் அவற்றுள் ஒன்று. திகம்பர ஆசிரியராகிய ஆசாதரரும் தம் சாகார தர்மாமிருதத்தில் இக்கொடுந்தொழில்களைப் பேசுகிறார். உழவை விலக்காத நூல்கள் ஏரியை வற்றச் செய்வதைத் தனியே பெயர் சொல்லி விலக்கியது காரணமின்றி அன்று.

நான் ஏரியை வற்றச் செய்யவில்லை. ஒரு மனைதான் வாங்கினேன். இங்குதான் வினா கடினமாகிறது. நகரம் என்பது ஒருவன் செய்த வினை அன்று. ஒவ்வொருவரும் சிறிதே எடுக்கின்றனர். மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்தாம் அணுவிரதம் நிலத்துக்கும் வீட்டுக்கும் ஓர் அளவைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறது. நான் அளவு கடந்தேனா? ஒரு கிரவுண்டு, ஒரு வீடு. உபாசகதசாங்கத்தில் வரும் ஆனந்தன் என்னும் இல்லறத்தானைப் பாருங்கள். அவன் பகவான் மகாவீரரிடம் விரதம் ஏற்றபோது தன்னிடம் இருந்ததற்குமேல் வேண்டேன் என்றான். அவனிடம் இருந்ததோ பன்னிரண்டு கோடிப் பொன்னும், நாற்பதினாயிரம் பசுக்களும், ஐந்நூறு ஏர் நிலமும். அவனோடு ஒப்பிட நான் பரம ஏழை. ஆயினும் அவன் எவருடைய கலங்கலையும் அடைக்கவில்லை. இலட்சம் பேர் ஆளுக்கு ஒரு கிரவுண்டு என அளவோடு வாங்கினால், எவரும் ஐந்தாம் விரதத்தை மீறாமலேயே ஓர் ஏரி மறைந்துபோகும்.

நெடுநாள் இதனையே சிந்தித்தபின் எனக்குப் பட்டது இது. ஐந்தாம் விரதம் 'எவ்வளவு' என்று கேட்கிறது. ஆறாவதாகிய திக்விரதம் 'எங்கே' என்று கேட்கிறது. சிறிதளவே வேண்டுபவனும் வேண்டாத இடத்தில் அதைக் கேட்டால் பெருந்தீங்கு நேரும். ஆதலினால்தான் ஐந்தோடு நிறுத்தாது ஆறாவதையும், அதுவும் அணுவிரதங்களுக்குக் குணத்தைக் கூட்டுவது என்று பெயரிட்டு, ஆன்றோர் வகுத்தனர் போலும். கற்றறிந்தோர் இது பொருந்தாதெனின் திருத்துவார்களாக.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் திக்விரதத்துக்கு ஐந்து குற்றங்களைக் கூறுகிறார். மேல்நோக்கி எல்லை கடத்தல், கீழ்நோக்கிக் கடத்தல், பக்கவாட்டில் கடத்தல், குறித்த நிலப்பரப்பைப் பெருக்கிக்கொள்ளல், குறித்த எல்லையை மறந்துபோதல். மலை ஏறுதலையும் கிணற்றில் இறங்குதலையும் மனத்திற்கொண்டு கூறப்பட்டவை இவை. நான் இவ்வைந்தையும் முடிச்சூரில் வைத்துப் படித்தேன். மேலே, ஏரிக்கரைகளை அடுத்து எழும் அடுக்குமாடிகள். கீழே, நான் குடிவந்தபோது அறுபது அடியில் கிடைத்த நீருக்கு இன்று முந்நூறு அடிக்குத் துளைக்கும் ஆழ்துளைக் குழாய்கள். பக்கவாட்டில், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை. அது முடிச்சூரைத் தொட்டுச் செல்கிறது. நிலப்பரப்பைப் பெருக்கல் பற்றிக் கேட்கவே வேண்டா. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி, 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. திட்டமிட்டு ஆள்வதற்காகவே விரித்தோம் என்பர். அதில் நியாயமும் உண்டு.  ஆனால் தரகரின் காதில் அவ்விரிவு வேறு விதமாக விழுகிறது. ஐந்தாவது குற்றம் மறதி. ஏரியின் எல்லைக்கல் எங்கே என்று எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார் எவருமில்லை. என்னையும் சேர்த்து.

ஆகவே, நகரத்திற்குத் திக்விரதம் உண்டா என்றால், இல்லை. விரதம் ஏற்கும் உயிர் நகரத்துக்கு இல்லை. உயிர் உள்ளவன் நான்தான். வினை மூன்று வழிகளில் வருகிறது: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தவர்க்கு உடன்படுதல். ஏரியின் ஆயக்கட்டு வயல்களை மனையாக்கியவர் செய்தார். நான் வாங்கியது உடன்பாடு. ஏரி மண்ணைக் கொட்டச் சொன்னது செய்வித்தல். பின்வீட்டில் நீர் நிற்கும் என்று அறிந்தும் ஒரு கால்வாய்க்கு இடம் விடாதது, அது முழுமையாக என்னுடையது. கொலையின் வேர் அசாவதானமே, பிரமாதமே என்று நூல் கூறுகிறது. ஆடுகளைப் பற்றி என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. ஆனால் மழைக்காலந்தோறும் கொத்தனார் வீட்டில் நின்ற முழங்கால் நீருக்கு மழையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

2015க்குப் பின் அடையாற்றை அகலப்படுத்தினர், கால்வாய்கள் தூர்வாரப்பட்டன. தெருவில் ஒவ்வொருவராக வீட்டை உயர்த்துகின்றனர். சுவர்களின் அடியில் நூற்றுக்கணக்கில் ஜாக்கிகளை வைத்து, வீட்டை அப்படியே நான்கடி, ஐந்தடி தூக்கிவிடுகின்றனர். பார்க்க விந்தையாக இருக்கும். என் மகனும் அதனை வற்புறுத்தினான். "அப்பா, வந்தவாசி நிலத்தை விற்றுவிடுங்கள், வீட்டைத் தூக்கிவிடலாம்" என்றான். அந்நிலம் எங்கள் ஊர் ஏரியின் கடைமதகுப் பாய்ச்சலில் உள்ளது. ஒரு ஏக்கருக்குச் சிறிது மேல். வந்தவாசி அந்த 5,904 சதுர கிலோமீட்டருக்கு வெளியேதான் இருக்கிறது. ஆயினும் வண்ணக் கொடிகள் நட்ட மனைப்பிரிவுகள் அங்கும் வந்துவிட்டன. விலை பேசி, பத்திர வரைவும் எனக்கு அனுப்பிவிட்டனர். அதில் நான்கு எல்லைகள் எழுதப்பட்டுள்ளன. வடக்கு எல்லை: ஏரி வாய்க்கால். மனை போட்டபின் அந்த எல்லை என்னவாகும் என்பதை நான் முடிச்சூரில் கண்டிருக்கிறேன். கையொப்பம் இடவில்லை. மகனுக்கு இதில் வருத்தம் உண்டு. அவனும் இவ்விதழைப் படிப்பவன்தான்.

வீட்டைத் தூக்குவது பற்றிக் கொத்தனாரிடமே கேட்டேன். அவருக்கும் வயதாகிவிட்டது. "உங்கள் வீட்டை இன்னும் தூக்கினால் எங்கள் வீடு இன்னும் இறங்கும் ஐயா" என்று சிரித்துக்கொண்டே கூறிவிட்டு, "அதெல்லாம் வேண்டாம், மேற்கு ஓரத்தில் மூன்றடி அகலத்துக்கு அந்த மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தண்ணீர் தெருக் கால்வாய்க்கு ஓடிவிடும்" என்றார். முப்பது ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்திருந்த வழி அது. நான் கேட்டதில்லை.

சென்ற ஆவணியில் அவ்வாறே வெட்டினோம். அறுபதடி நீளம், மூன்றடி அகலம், நான்கடி ஆழம். மண் மூன்று லாரிக்கு வந்தது. எடுத்துச் செல்ல வந்த லாரிக்காரர் எனக்கே பணம் தருவதாகச் சொன்னார். மண்ணிவாக்கத்துக்கு அப்பால் ஒரு மனையில் கொட்ட வேண்டுமாம், அங்கே மழைக்குத் தண்ணீர் நிற்கிறதாம். மண் எந்த ஏரியிலிருந்து வந்ததோ அந்த ஏரிக்கே கொண்டுபோகச் சொன்னேன். அங்கே இப்போது குடியிருப்பு இருக்கிறது என்றார். மண் இன்னும் என் வீட்டு வாசலில் குவிந்து கிடக்கிறது.